ஹஸ்லபெக் ஓடையில் சாணக்குழம்பு கலந்தது குறித்து

2023 ஜூன் 6, செவ்வாய்க்கிழமை காலை 9.15 மணிக்கு, காவல் நிலையத்தில், காவல் அதிகாரி ஹென்னிங் ராவ்ன் விசாரித்துப் பதிவு செய்தது.

பெயர்: மெரெட்டே ஸ்கோவ்கோர். வயது: 52. கணவர் பெயர்: ஈவர் ஸ்கோவ்கோர். தொழில்: பால்பண்ணை. விலாசம்: மேற்குச் சாலை 41, ஊல்பி கிராமம், லிம்ஃபியோர்டு தென்கரை, டென்மார்க்.

நான் மேற்கண்ட விலாசத்தில் கணவருடன் குடியிருந்து, நூற்று நாற்பது கறவை மாடுகளை வைத்துப் பால்பண்ணை நடத்தி வருகிறேன். பண்ணை என் பெயரில் இருக்கிறது. என் கணவர் ஊருக்கு வெளியே உள்ள மரக்கடையில் வேலை பார்க்கிறார், பண்ணை நிர்வாகத்தில் அவருக்குப் பங்கு இல்லை. இந்த வழக்கில் நான் குற்றம் சாட்டப்பட்டவள் என்பதும், பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்பதும் முதலிலேயே எனக்குச் சொல்லப்பட்டது. பேச வேண்டாம் என்று என் வக்கீலும் சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். ஏப்ரல் 20ஆம் தேதி மாலை நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். என் பண்ணையில் வேலை செய்யும் ஓஸ்டாப் மெல்னிச்சுக் ஏப்ரல் 24ஆம் தேதி கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு விஷயம் உண்மை அல்ல. இந்த இரண்டையும் சரி செய்வதற்காக வந்தேன்.

எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஹஸ்லபெக் ஓடை போகிறது. எங்கள் இடத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, தோர்வால்ட் ப்ரோகோர் என்பவரின் கோதுமை வயலில் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் புகுந்து வெளியே வந்து, அதற்குக் கீழே மூன்று கிலோமீட்டர் போய்க் கடற்கழியில் கலக்கிறது. என் மாமனார் காலத்தில் இந்த ஓடையை நேராக வெட்டி வாய்க்காலாக்கி விட்டார்கள், அதனால் பல வருடங்கள் அதில் மீன் இல்லை. 2014இல் நாங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓடைச் சங்கம் ஆரம்பித்தோம். அன்று முதல் நான்தான் தலைவர். ஓய்வு பெற்ற தபால்காரரான கெர்டா ஹோல்ம்ஸ்ட்ரூப் செயலாளர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் லாரியில் சரளைக்கல் இறக்கி, மண்வெட்டியாலும் கையாலும் ஓடைக்குள் பரப்பினோம், ஏனென்றால் கடலில் வளர்ந்த டிரவுட் மீன் குளிர்காலத்தில் ஓடைக்குத் திரும்பி வந்து சரளைக்குள்தான் முட்டையிடும். நிழலுக்காகக் கரையில் மரம் வைத்தோம். கழிமுகத்தில் கடற்புல் நாற்றுகளை ஆணியில் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நட்டோம். முதல் வருடம் நான்கு முட்டைக் குழிகளைக் கண்டோம், போன டிசம்பரில் அறுபத்து மூன்று. மூன்று வருடமாக நீர்நாயும் வருகிறது. அதன் எச்சத்தைப் பாலத்தடியில் பார்த்துவிட்டால் கெர்டா எனக்குப் படம் எடுத்து அனுப்புவார்.

மேற்படி தோர்வால்ட் ப்ரோகோருக்கு வயது 61, பன்றிப்பண்ணை வைத்திருக்கிறார். அவர் சங்கத்தில் சேரவில்லை. அவர் வயலில் உள்ள சிமெண்டுக் குழாய் மீன் எளிதாக ஏறி வரத் தடையாக இருந்ததால், அதை எடுத்துவிட்டுத் திறந்த ஓடையாக விடும்படி நான் இரண்டு முறை அவரிடம் கேட்டேன். இரண்டு முறையும் மறுத்துவிட்டார். 2021இல் அவர் ஓடைக்கரை ஓரம் வரை ஏர் ஓட்டினார் என்று நான் நகராட்சியில் புகார் எழுதிக் கொடுத்தேன், அவர் அபராதம் கட்டினார். அதன் பிறகு இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. என்னை அவர் ஊரில் மீனம்மா என்று சொல்வது எனக்குத் தெரியும்.

கொட்டகைச் சாணம் முதலில் ஒரு சிறிய குழித்தொட்டியில் சேரும். நிறைந்ததும் அதை பம்பு வைத்து ஒரு தடிமனான ரப்பர் குழாய் வழியாகப் பெரிய தொட்டிக்கு ஏற்றுவோம். அந்தக் குழாயைப் பம்போடு இறுக்கிப் பிடிப்பது ஒரு இரும்புக் கிளாம்பு. ஏப்ரல் 3ஆம் தேதி திங்கட்கிழமை காலைப் பால் கறந்து முடிந்த பிறகு ஓஸ்டாப் என்னிடம் வந்து சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "மெரெட்டே, பம்பு குழாயில இருக்கற கிளாம்பு தேஞ்சு போச்சு, பிடிக்க மாட்டேங்குது. கம்பி சுத்தி வச்சிருக்கேன். ரொம்ப நாள் தாங்காது." அதற்கு நான், "ஈஸ்டர் முடியட்டும், வாங்கிடலாம்" என்றேன். இதைத்தான் நான் முதல் வாக்குமூலத்தில் சொல்லவில்லை.

அதன் பிறகு ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஏப்ரல் 12ஆம் தேதி புதன்கிழமை மாலை நான் டவுனுக்குப் போனேன். அந்த வாரச் சனிக்கிழமை சங்கத்தின் கரை சுத்தம் செய்யும் நாள் என்பதால் ஐம்பது ஜோடி ரப்பர் கையுறையும், குப்பைப் பைகளும், சாசேஜும், ரொட்டியும் வாங்கினேன். விவசாய உதிரிபாகக் கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அப்போது மணி நாலே முக்கால் இருக்கும், கடை திறந்திருந்தது, உள்ளே ஆள் இருந்ததும் தெரிந்தது. கையில் பைகள் இருந்தன. கிளாம்பு ஞாபகத்துக்கு வந்தது. கம்பி சுற்றியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் ஓடும் என்று நினைத்து நான் காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15ஆம் தேதி சனிக்கிழமை நாற்பத்து நாலு பேர் வந்தார்கள். கரையில் ஒரு டிரெய்லர் நிறையக் குப்பை சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் டிரெய்லர் மேல் ஏறி நின்று, பண்ணைக்காரர்கள் தொட்டியையும் குழாய்களையும் கவனமாகப் பார்த்துக்கொண்டாலே ஓடைக்குப் பாதி வேலை முடிந்தது என்று பேசினேன். கை தட்டினார்கள். ஓஸ்டாப் அன்று சாசேஜ் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20ஆம் தேதி வியாழக்கிழமை காலை சுமார் 9.40 மணிக்கு ஓஸ்டாப் பம்பைப் போட்டார். பம்பு ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அவரும் நின்றார். ஐந்து நிமிடத்துக்குள் கொட்டகைக்குள் ஒரு கிடாரிக்கு ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. நான் அவரைக் கூப்பிட்டேன். "பம்பு ஓடுதே" என்று அவர் சொன்னார். "அது ஓடட்டும், நீ வா" என்று நான் சொன்னேன். அவர் வந்தார். இருவரும் சேர்ந்து கயிறு போட்டு இழுத்தோம், அரை மணி நேரம் ஆனது. கன்று உயிரோடு வந்தது. கிடாரியும் பிழைத்தது.

அதன் பிறகு கை கழுவுவதற்காக வெளியே வந்தபோது பம்புச் சத்தம் மாறியிருப்பது தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது குழாய் கிளாம்பிலிருந்து கழன்று தரையில் கிடந்தது, சாணக்குழம்பு முற்றம் முழுக்கப் பரவி, மழைநீர் வடிகால் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கிணறு ஓடையில்தான் போய் முடிகிறது. ஓஸ்டாப் பம்பை நிறுத்தினார். எழுபது கன மீட்டருக்குக் குறையாமல் போயிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஓடை பழுப்பாக ஓடியது. நாங்கள் முதன்முதலாகச் சரளை போட்ட இடம் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் சின்ன மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

10.22க்கு நான் அவசர உதவி எண் 112க்கு போன் செய்தேன். யாருடைய பண்ணை என்று கேட்டார்கள், என்னுடையது என்றேன். தீயணைப்பு வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அடுத்து கெர்டாவுக்கு போன் செய்தேன். அவர் அழவோ திட்டவோ இல்லை. "எல்லாரையும் நான் கூப்பிடறேன். நீ தோர்வால்ட கூப்பிடு" என்றார். "அவர் என் போன எடுக்க மாட்டார்" என்றேன். "எடுக்கலன்னா நடந்து போய் கதவத் தட்டு. அந்தக் குழாய்க்கிட்ட அடைச்சாதான் உண்டு, மிஷின் அவன்கிட்டதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தோர்வால்ட் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு, மீனம்மாவா? இன்னிக்கு யார் மேல புகார்?"

"என் மேலதான்" என்றேன். "எங்க சாணம் ஓடையில போயிட்டிருக்கு. உங்க குழாய்க்கு வந்து சேர இருபது நிமிஷம் இருக்கும். அங்க அடைக்கலன்னா கழி வரைக்கும் போயிடும்."

அவருக்குப் பின்னால் ரேடியோ ஓடுவது கேட்டது. அதன் பிறகு, "எந்த டிராக்டர்ல டீசல் இருக்குன்னு பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வருவாரா வரமாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் ஓஸ்டாப்பும் காரில் வயல் வழியாகப் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோர்வால்ட் முன்னால் மண் வாரி பூட்டிய லோடர் டிராக்டரோடு அங்கே இருந்தார். பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருளைகள் இரண்டைக் குழாய் வாயில் இறக்கிவிட்டு மூன்றாவதைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஓஸ்டாப் தண்ணீருக்குள் குதித்து உருளைகளுக்கு இடையில் இருந்த சந்துகளை மண்ணால் அடைத்தார், நானும் இறங்கினேன். தண்ணீர் மார்பு வரை இருந்தது, குளிர் எப்படி இருந்தது என்று இப்போது நினைவில்லை. ஓடையின் மேல்வளைவில் பழுப்பு நிறம் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, இன்னும் சற்று நேரத்தில் மேலே வழிந்துவிடும். அப்போது தோர்வால்ட் டிராக்டரில் இருந்தபடியே கத்தினார்.

"வலது பக்கம் பள்ளம் இருக்கு. வெட்டி அதுல திருப்பி விடட்டா?"

"அது உங்க கோதுமை வயல்" என்றேன்.

"என் வயல்னு எனக்குத் தெரியாதா? திருப்பி விடட்டான்னு கேட்டேன்."

"திருப்புங்க" என்றேன்.

அவர் லோடரை வயலுக்குள் விட்டு, முழங்கால் உயரம் வளர்ந்திருந்த கோதுமையோடு சேர்த்து மண்ணை வாரி, முப்பது மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார். சாணக்குழம்பு அதன் வழியாகப் பள்ளத்தில் இறங்கி நின்றது. அதன் பிறகு அவர் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நின்று பார்த்தார். "ஓரத்துல ஏர் ஓட்டாதன்னு புகார் குடுத்த. இப்ப நடுவுலயே ஓட்டிட்டேன், இதுக்கு எவ்வளவு?" என்றார். ஓஸ்டாப் சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

10.55க்குத் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாங்களும் இதையேதான் செய்திருப்போம் என்றார். அடைத்துவிட்டதால் குழாய்க்குக் கீழே ஓடையில் தண்ணீர் வற்ற ஆரம்பித்தது. எங்கள் பண்ணைக்கு மேலே இருக்கும் நல்ல தண்ணீரை பம்பு வைத்து நீளமான குழாய்களில் கீழே கொண்டுவந்து விட ஏற்பாடு செய்தார்கள், ஆனால் குழாய் போட்டு முடிக்க நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள். அதற்குள் கெர்டா கூப்பிட்டவர்கள் வந்துவிட்டார்கள். பதினாறு பேர் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். பலர் வேலைக்குப் போட்ட உடுப்போடு வந்திருந்தார்கள், பல் மருத்துவமனை உதவியாளர் ஒருவர் வெள்ளைச் செருப்போடு தண்ணீரில் இறங்கினார். தண்ணீர் வற்றிய இடங்களில் மாட்டிக்கொண்ட மீன்களை வாளியில் அள்ளி ஆழமான இடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஏப்ரலில்தான் டிரவுட் குஞ்சுகள் வெள்ளி நிறத்துக்கு மாறிக் கடலுக்கு இறங்கும். 11.40 சுமாருக்குத் தீயணைப்புக் குழாய்கள் வழியாகத் தண்ணீர் வந்து ஓடை மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்போது கீழ்வளைவில் இடுப்புவரை பூட்ஸ் போட்டு நின்றிருந்த கெர்டா என்னைக் கூப்பிட்டார். "இங்க வா, வந்து பாரு. வெள்ளி வெள்ளியா போயிட்டு இருக்கு. ஒண்ணு கூட நிக்கல, எல்லாம் கழிப்பக்கம்தான் போகுது." நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

மதியத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூன்று பேர் சாண டேங்கர்களோடு வந்து, பள்ளத்திலும் ஓடையிலும் இருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். மாலை ஏழு மணி வரை அந்த வேலை நடந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அணைக்கு மேலே, எங்கள் பண்ணை வரை, எல்லா மீனும் செத்துவிட்டது. நகராட்சி மீன் ஆய்வாளர் வெள்ளைத் தார்ப்பாய் விரித்து, செத்த மீன்களை அளவு வாரியாக அடுக்கி எண்ணினார். கெர்டா ஒரு வாளியை என் கையில் கொடுத்து, "நீயும் பொறுக்கு" என்றார். நானும் பொறுக்கினேன். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு. மிகச் சிறியவை எண்ணில் சேரவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு இதே நிலையத்து அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து என் வாக்குமூலத்தை எழுதினார். குழாயும் கிளாம்பும் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன என்று கேட்டார். "அதெல்லாம் வழக்கமாக ஓஸ்டாப் பார்த்துக்கொள்வார்" என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் அது யார் தலையில் போய் விழும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு சமையலறையில் என் கணவர் ஈவரிடம் ஏப்ரல் 3ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னது: "கிளாம்பு கழண்டுச்சு, ஓடையில கலந்துச்சு, நீயே போன் பண்ணிச் சொல்லிட்ட. இது போதாதா? இன்னும் ஏன் நீயா போய் கழுத்த நீட்டற?" அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார், அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மே 10ஆம் தேதி புதன்கிழமை மாலை ஊர்க் கூடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. நான் தலைவர் பதவியை விட்டு விலகுவதாகச் சொன்னேன். உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடிய விபத்து, மறைக்காமல் உடனே சொன்னாயே என்று சொல்லிக் கை தட்டினார்கள். ஓஸ்டாப் கதவோரம் நாற்காலியில் இருந்தார், அவரும் கை தட்டினார். அன்றைக்கு முதல் தடவையாக தோர்வால்ட் கூட்டத்துக்கு வந்திருந்தார். காபி குடித்து முடித்ததும் எழுந்து, "அந்த சிமெண்டுக் குழாய எடுக்கணும்னு ரெண்டு தடவ கேட்டீங்க. எடுத்துக்கங்க. வயல் எப்படியும் கிண்டியாச்சு, இப்பவே முடிச்சுட்டா எனக்கு ஒரே வேலையா போகும்" என்றார். யாரோ அவரைச் சங்கத்தில் சேரச் சொன்னார்கள். "நான் குழாயத்தான் குடுத்தேன், என்னைக் குடுக்கல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கூடத்தில் இருக்க முடியவில்லை, பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மே 31ஆம் தேதி மீன் ஆய்வாளர் வந்து ஓடையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி மீன் கணக்கு எடுத்தார். சிமெண்டுக் குழாய்க்குக் கீழே இந்த வருடக் குஞ்சுகள் போன வருடத்தைவிடக் குறையவில்லை என்றார். அணைக்கு மேலே இருந்த பகுதியில் ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தோம். ஏழு குஞ்சுகள் கிடைத்தன. எங்கள் பண்ணைக்கு மேலே இருந்து தண்ணீரோடு இறங்கி வந்திருக்கின்றன. கல்லைப் புரட்டினால் பூச்சிப் புழுக்களும் இருந்தன. அவை வந்துவிட்டால் மீன் வரும், இரண்டு மூன்று வருடத்தில் பழைய நிலை வரலாம் என்று ஆய்வாளர் சொன்னார்.

ஜூன் 2ஆம் தேதி வெள்ளிக்கிழமை என் வக்கீல் வழக்குத் தாள்களின் நகலை எனக்கு அனுப்பினார். அதில் ஓஸ்டாப்பின் வாக்குமூலம் இருந்தது. கிளாம்பு தேய்ந்ததைத் தான் முன்பே பார்த்ததாகவும், ஆனால் என்னிடம் சொல்ல மறந்துவிட்டதாகவும், பம்பை விட்டுவிட்டு வந்தது தன் சொந்த முடிவு என்றும் அவர் சொல்லியிருந்தார். இது நமக்கு மிகவும் சாதகமானது என்று வக்கீல் கடிதத்தில் எழுதியிருந்தார்.

ஓஸ்டாப்புக்கு வயது 29, உக்ரைனிலிருந்து வந்தவர், நான்கு வருடமாக எங்கள் பண்ணையில் இருக்கிறார். இந்த வேலையை நம்பித்தான் அவருக்கு இங்கே தங்கும் அனுமதி இருக்கிறது. ஜூன் 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் கறக்கும் இடத்தில் நான் அந்தத் தாளை அவரிடம் காட்டிக் கேட்டேன்.

"ஏன் இப்படிச் சொன்ன?"

"முதல்ல நீங்க என்ன சொன்னீங்கன்னு அவங்க எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க" என்றார். "சரி, இப்படித்தான் போகணும் போலன்னு நெனச்சேன்."

அவர் பால் கறக்கும் குழாய்களை அடுத்த மாட்டுக்கு மாற்றிவிட்டுச் சொன்னார். "கோபத்துல சொல்லல, மெரெட்டே. நீங்க போயிட்டா ஓடைய யாரு பாத்துப்பா? பால் கறக்க ஆள் கிடைக்கும்."

"ஓடைய பாத்துக்க நாற்பது பேர் இருக்காங்க" என்றேன். "நீ என்கிட்ட ஏப்ரல் மூணாம் தேதி சொன்ன. நான் வாங்கல. பம்ப விட்டுட்டு வான்னு கூப்பிட்டதும் நான். செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லப் போறேன்."

"வக்கீல் திட்டுவாரே."

"திட்டட்டும்."

அவர் அடுத்த மாட்டின் மடியைத் துடைத்தார். பிறகு, "அப்ப நானும் மாத்திச் சொல்லணும். போலீஸ்ல பொய் சொன்னதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனால் கூடவே நானும் வருவேன் என்று சொன்னேன். அவர் இன்று வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்படிச் சொல்லக் காரணம் என் முதல் வாக்குமூலம்தான் என்பதை இதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஜூன் 5ஆம் தேதி கெர்டாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சங்கத்தில் உள்ளவர்கள் இதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால். அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு வரிசைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்து, "அப்ப நீ தலைவரா இருக்க முடியாது" என்றார். சரி என்றேன். "அன்னிக்குக் கை தட்டினோம் பாரு, அது எனக்கு இப்ப கஷ்டமா இருக்கு" என்றார். அதற்கும் சரி என்றேன். நான் கேட்டைத் திறந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஆகஸ்ட் பன்னிரண்டு, காலையில எட்டு மணி. மூணு லாரி சரளை வருது, மேல்பகுதி முழுக்க மறுபடி போடணும். தலைவர் இல்லன்னா வர மாட்டேன்னு சொல்லிடாத."

வருவேன் என்று சொன்னேன்.

புதிய கிளாம்புகள் இரண்டை ஏப்ரல் 21ஆம் தேதியே வாங்கிப் போட்டுவிட்டேன். மழைநீர்க் கிணற்றுக்கு மூடி அடைப்பும், பம்புக்கு அழுத்தம் குறைந்தால் தானாக நிற்கும் சுவிட்சும் வைத்திருக்கிறேன். இவற்றைத் தண்டனையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை, அதிகாரி கேட்டதனால் சொல்கிறேன். கிளாம்பு தேய்ந்திருப்பது சம்பவத்துக்குப் பதினேழு நாள் முன்பிருந்தே எனக்குத் தெரியும். வாங்கிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. வாங்கவில்லை. ஓஸ்டாப் மெல்னிச்சுக் தன் வேலையில் எந்தத் தவறும் செய்யவில்லை.

மேற்கண்டதை அதிகாரி எனக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன். கெர்டாவின் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது, அது சேர்க்கப்பட்டது. வழக்குச் சுருக்கத்தில் "ஹஸ்லபெக் ஓடை அழிக்கப்பட்டது" என்று இருந்தது. அது சரியல்ல என்று சொன்னேன். ஆய்வாளர் அளந்து சொன்னபடி அழிந்தது ஆயிரத்து நூற்று இருபது மீட்டர், மீதமுள்ள ஓடை உயிரோடு இருக்கிறது என்று திருத்தி எழுதும்படி கேட்டேன். அதிகாரி திருத்தி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். மற்றபடி இதில் நான் சொல்லாதது எதுவும் இல்லை, சொன்னதில் மறைத்தது எதுவும் இல்லை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மெரெட்டே ஸ்கோவ்கோர்
6.6.2023, காலை 11.50

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: ஹென்னிங் ராவ்ன், காவல் அதிகாரி